தங்கபுஷ்பத்துக்கு ஒரு நியமனக் கடிதம்

அசோக் நகர், சென்னை
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனர் செந்தில்குமார் அவர்களுக்கு, சுயம்புலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா தங்கபுஷ்பமும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே சாத்தான்குளத்தில் நீங்களும் வீட்டில் எல்லோரும் உங்கள் உரக்கடையும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் குழந்தைக்கு, எங்கள் குட்டி மருமகளுக்கு, பல் முளைத்துவிட்டது என்று அறிந்து மகிழ்ந்தோம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைக்காதீர்கள். போன மாதம் உங்களுக்கு மட்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியது குடும்பக் குழுவுக்குப் போய், உங்கள் பெரியப்பா எனக்கு மூலத்துக்கு மருந்து சொன்னார். தாளில் எழுதினால் அந்த ஆபத்து இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்கா எட்டு நாளாகக் கடைக்கு வரவில்லை. சண்டை கிடையாது. ஒரு வார்த்தை கூடக் குறையச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் சட்டம்தான் காரணம்.

தி.நகரில் சேலைக்கேற்ற பிளவுஸ் துணி விற்கும் நம் மேட்சிங் சென்டருக்கு வரி, லேபர் சமாசாரமெல்லாம் பார்ப்பவர் வெங்கடேஷ் என்ற மயிலாப்பூர்க்காரர். தினமும் காலை ஆறு மணிக்கு ‘இன்றைய சட்ட மாற்றம்’ என்று போனில் ஒரு செய்தி அனுப்புவார். திங்கட்கிழமை அனுப்பியதை வியாழக்கிழமை அவரே மறுப்பார். முன்பு கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்தபோது, இவர் பேச்சைக் கேட்டு ஆறு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து, மனைவியோடு துணி எடுக்க வரும் கணவன்மார்தான் அதில் உட்கார்ந்து தூங்குகிறார்கள். இந்த முறை அவர் நேரிலேயே வந்துவிட்டார்.

“சார், புது லேபர் சட்டம் அமலுக்கு வந்துடுத்து. ஒருத்தர் வேலை பாத்தாக்கூட எழுத்துல நியமனக் கடிதம் குடுத்தாகணும். பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், வேலை நேரம் எல்லாம் அதுல இருக்கணும்.”

“தையல் பாக்குற ஜைதூன் பீ வந்து பதினேழு வருசமாச்சு. இனிமேதான் நியமனமாக்கும்?”

“இத்தனை வருஷமா அவா நியமனமே ஆகலேன்னு வச்சுக்கோங்கோ. சட்டம் வந்துடுத்து. விதிதான் இன்னும் முழுசா வரலே. அதுக்காகக் காத்துண்டு இருக்க வேண்டாம்.”

என் விதி அப்போதே வந்துவிட்டது, மாப்பிள்ளை. உங்கள் அக்கா உருவத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு மாம்பழ மஞ்சள் சேலைக்கு ஃபால்ஸ் துணி தேடிக்கொண்டிருந்தது.

கடையில் ஊழியர்கள் ஆறு பேர். ஆறு கடிதத்தையும் உங்கள் அக்காதான் முத்து முத்தாக எழுதினாள். அடியில் ‘உரிமையாளர்’ என்று போட்டு நான் கையெழுத்திட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மைசூர்பாகு வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். கவுண்டரில் நிற்கும் ஹரி தன் கடிதத்தைப் போட்டோ எடுத்து, பெண் பார்க்கும் வீட்டுக்கு உடனே அனுப்பினான். ராயப்பேட்டையிலிருந்து வந்து நமக்குச் சேலை அடியில் ஃபால்ஸ், ஓரத்தில் பிக்கோ தைத்துத் தரும் ஜைதூன் பீ தன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, உங்கள் அக்காவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் மைசூர்பாகோடு சேர்த்து விழுங்கியிருக்கலாம்.

“இன்னாக்கா, எல்லாருக்கும் குட்த்தாச்சு. உன்து எங்க கீது?”

நான் சிரித்துவிட்டேன். “அவங்க முதலாளியம்மா. அவங்களுக்கு எதுக்கு?” என்றேன். அந்தச் சிரிப்புதான் நான் செய்த தப்பு என்று இப்போது தெரிகிறது. உங்கள் அக்கா பேனாவை மூடி வைத்தாள். ராத்திரி வீட்டில் சாப்பாடு பரிமாறும்போது, “எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்க” என்றாள்.

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நானும் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். சேர்ந்த தேதி என்ன போட என்று கேட்டேன். “கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாள். தலை தீபாவளிக்கு எங்க அப்பா வீட்டுல இலை போட்டுக் காத்திருந்தாங்க. நீங்க வியாபாரம் இருக்குன்னு என்னையக் கடையில நிப்பாட்டுனீங்க. கல்யாணச் சேலை மடிப்புக் கூடக் கலையல. அதைக் காட்டி, இந்தக் கலர்ல பிளவுஸ் இருக்கான்னு ஒரு அம்மா கேட்டாங்க” என்றாள். இருபத்து மூன்று வருஷத்தில் இதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த இலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அன்றைய விற்பனைதான் ஞாபகம் இருந்தது.

அதைக் கேட்ட பிறகாவது நான் யோசித்து எழுதியிருக்க வேண்டும். பதவி என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதினேன். வேலை நேரத்துக்கு ‘தேவைப்படும்போதெல்லாம்’. வார விடுமுறைக்குப் ‘பொருந்தாது’. சம்பளத்துக்கு நேரே ஒரு கோடு. அவள் நிதானமாகப் படித்து, நான்காக மடித்து, என் சட்டைப் பையிலேயே வைத்தாள். “இந்த வேலைக்கு நான் மனுப் போடல” என்றாள். மறுநாள் காலையில் எனக்கு இட்லி வைத்தாள், டிபன் கட்டினாள், லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். கடைக்கு மட்டும் வரவில்லை. சாப்பாட்டில் இன்றுவரை ஒரு குறை இல்லை, மாப்பிள்ளை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு கடை பட்ட பாட்டை என்னவென்று எழுதுவேன். நம் கடையில் துணி எல்லாக் கடையிலும் உள்ள துணிதான், கண்தான் உங்கள் அக்காவுடையது, சேலை முந்தானையைத் தெருவெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு தடவை பார்த்துவிட்டு நேரே மூன்றாவது தட்டில் ஏழாவது கட்டை உருவுவாள், அந்தக் கண் இல்லாமல் மயில்கழுத்துக்கு ஹரி ராமர் பச்சை கொடுத்தான், அரக்குக்கு நான் மெரூன் கொடுத்தேன், கொட்டிவாக்கத்திலிருந்து வந்த ஸ்வர்ணலதா என்ற அம்மாவுக்கு மகள் கல்யாணத்துக்கு ஒன்பது பிளவுஸ் துணியும் நானே என் கையால் தேர்ந்தெடுத்து வெட்டிக் கொடுத்தேன், அந்த அம்மா ஒன்பதையும் தைத்து எடுத்துக்கொண்டு காரிலேயே திரும்பி வந்து, “சார், இதப் போட்டுக்கிட்டு மேடையில நின்னா, பொண்ணோட அம்மாவுக்கு என்னாச்சுன்னு விசாரிப்பாங்க” என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லி, ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பிவிட்டு, பணம் கைக்கு வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அதில் உட்கார்ந்துவிட்டார். நான் சேலையைப் போட்டோ எடுத்து, என்ன கலர் என்று உங்கள் அக்காவுக்கு அனுப்பினேன். ‘இன்று எனக்கு வார விடுமுறை’ என்று பதில் வந்தது. மறுநாளும் அதே பதில். போன் செய்து கேட்டால், இது பழைய பாக்கி, இன்னும் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் இருக்கிறது என்கிறாள்.

வேறு வழியில்லாமல் ‘ஆள் தேவை’ என்று பலகை மாட்டினேன். தீபிகா என்று ஒரு பெண் வந்தாள். என்ன வேலை என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜைதூன் பீதான் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: கலர் பார்க்கணும், சரக்கு எடுக்க ஈரோடு போய் வரணும், சூரத்துக்காரனிடம் இந்தியில் சண்டை போடணும், யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து எடுத்து வரணும், முதலாளி கோபத்தில் யாரையாவது வேலையை விட்டு நிறுத்தினால் சாயந்தரத்துக்குள் திரும்பக் கூப்பிடணும். அந்தப் பெண் எழுந்துவிட்டாள். “சார், இது நாலு பேர் வேலை. இத்தனை நாள் யாரு பாத்தாங்க?” என்றாள்.  ஜைதூன் பீயின் மெஷின் நின்றுவிட்டது.

சரி, ‘மேலாளர்’ என்றே முறையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நேற்று வெங்கடேஷ் ஆபீசுக்குப் போனேன். அவர் கடை ஃபைலை எடுத்துப் புரட்டியவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“சார், பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, பெண்கள் பேர்ல தொழில் இருந்தா பேங்க்ல வட்டி கம்மின்னு மாத்தினேளே, ஞாபகம் இருக்கா? ஓனர் மேடம்தான். பதிவு, வரி, வாடகைப் பத்திரம் எல்லாமே அவா பேர்ல இருக்கு.”

“அப்ப நான் போட்ட ஆறு கையெழுத்து?”

“அது செல்லாது சார். மேடம் திரும்பப் போடணும். அப்பறம், தப்பா நினைச்சுக்காதீங்கோ, அவா போட்டதுக்கப்பறமும் நியமனக் கடிதம் இல்லாம கடையில வேலை பாத்துண்டு இருக்கப்போறது ஒருத்தர்தான்.”

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அடுத்த வாரமே நீங்கள் புறப்பட்டு வர வேண்டும். மருமகளுக்குக் காது குத்துக்கு நகை எடுக்க வந்ததாகச் சொல்லுங்கள். அக்காவிடம் பக்குவமாகப் பேசிக் கடைக்கு அனுப்பி வையுங்கள். புதிதாக ஆறு கடிதம் டைப் அடித்து வைத்திருக்கிறேன். அதில் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஏன் எதற்கென்று அவள் கேட்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் சங்கதி உங்களுக்கும் எனக்கும் வெங்கடேஷுக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். மருமகளின் புதுப் பல்லுக்கு மாமாவின் ஆசி. எல்லோரும் நோய் நொடியின்றி, வழக்கு வம்பின்றி வாழ முத்தாரம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனர்,
சுயம்புலிங்கம்,
உரிமையாளர்.

பின்குறிப்பு: திங்கட்கிழமை மாலை. தபாலில் சேர்ப்பதற்குள் நிலைமை மாறிவிட்டது. நீங்கள் வர வேண்டாம். இன்று காலை உங்கள் அக்கா எனக்கு முன்பே கடைக்குப் போய்விட்டாள். நான் போகும்போது, டைப் அடித்து மேஜைக்குள் வைத்திருந்த ஆறு கடிதமும் கையெழுத்தாகி, மை காய்ந்து, அவரவர் கைக்குப் போய்விட்டது. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். “பேங்க்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே படிச்சுப் பாத்தேன். நீங்கதான் படிக்கல” என்றாள். தெரிந்துமா என்னிடம் கடிதம் கேட்டாய் என்றேன். “எனக்கு நீங்க என்ன எழுதுதீங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு” என்றாள். பிறகு மேஜைக்குள்ளிருந்து ஏழாவதாக, என் பெயருக்கு ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். அதே முத்து முத்தான எழுத்து. வேலை நேரம், வார விடுமுறை, சம்பளம் எல்லாம் தெளிவாகப் போட்டிருக்கிறாள், உள்ளபடி நான் எதிர்பார்த்ததைவிடத் தாராளம். ஜைதூன் பீ சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். பதவி என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. கேட்டேன். ஆறு மாதம் என் வேலையைப் பார்த்துவிட்டு எழுதுவாளாம்.