பதினாறு வண்டித் தெரு

மேகலாபுரி நாட்டில் நல்ல தெரு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எந்த ஊரிலும் இல்லை. பதினாறு மாட்டுவண்டிகளில் இருந்தது.

அரசர் எந்த ஊருக்கு எழுந்தருளுகிறாரோ அந்த ஊருக்கு முதல்நாளே வண்டிகள் போய்விடும். தார் பூசிய கயிற்றுப் பாயைச் சாலையாக விரிப்பார்கள். விளக்குத் தூண்களை நட்டு, தொட்டிச் செடிகளை இரண்டு பக்கமும் அடுக்குவார்கள். ஒரு குழாயை நிறுத்தி, அதன் பின்னால் குடத்தோடு ஒரு சேவகனை ஒளித்து வைப்பார்கள். சாக்கடைக்குத் தேக்குப்பலகையில் ஒரு மூடி உண்டு. அரசர் வருவார், பார்ப்பார், பூரித்துப் போவார். அவர் தலை மறைந்ததும் தெருவைச் சுருட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். முடிசூடி இருபத்திரண்டு வருடத்தில் அவர் வேறொரு தெருவைப் பார்த்ததே கிடையாது. ஆகவே, 'நம் நாட்டில் எல்லாத் தெருவும் ஒரே அழகு' என்று அவர் சபையில் சொன்னபோது அதில் துளியும் பொய் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார், பாவம்.

கோரைக்குளத் தெருவில் இட்லிக்கடை போட்டிருந்த தைலம்மையின் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்த மூடியின் மேல்தான். ஒரு பங்குனி மாதம் அரசர் அந்தத் தெருவுக்கு வந்தார். அன்று காலையில் தைலம்மையின் கணவன் வடுகநாதன் வாசல் மூடியை மிதித்துக்கொண்டு வெள்ளையடிக்கிற வேலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பியவன் அதே நினைப்பில் காலை வைத்தான். மூடி அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தது. இடுப்பெலும்பு நொறுங்கிக் கட்டிலில் படுத்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை. மழை வந்தால் சாக்கடை பொங்கிக் கட்டில் கால்வரை ஏறும். அவளால் அவனைத் தனியாகத் தூக்க முடியாது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்துதான் தூக்குவார்கள். ஒருநாள் யாரும் வராமல் போனால் என்ன கதி என்ற பயம்தான் அவளை வீதி அதிகாரி விசயரங்கரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

"ஐயா, தெரு முழுக்க வேண்டாம். அந்த மூடியை மட்டும் விட்டுட்டுப் போங்க. ஐப்பசிக்குள்ள கிடைச்சாப் போதும்."

விசயரங்கர் ஏட்டைப் புரட்டினார். "அம்மையே, கோரைக்குளத் தெருச் சாக்கடை மூடப்பட்டிருப்பதை மாட்சிமை தங்கிய மன்னர் பங்குனி ஒன்பதாம் நாள் நேரில் கண்டு களித்திருக்கிறார். மூடியிருப்பதை எவ்வாறு மீண்டும் மூடுவது?"

"ஒரு எட்டு வந்து பாருங்க. திறந்துதான் கிடக்கு."

"மன்னர் கண்டதற்கு மாறாக உமக்குத் தெரிகிறதென்றால், பழுது சாக்கடையில் இல்லை. கண்ணில்."

மறுவாரமே அது சட்டமாயிற்று. குறை சொல்ல வருகிறவர்களுக்கு முதலில் அரண்மனை வைத்தியர் கண்ணில் சொட்டு மருந்து விடுவார். தைலம்மைக்கு இரண்டு கண்ணிலும் விட்டார்கள். மூன்று நாள் அவளுக்கு அடுப்பு எது, அண்டா எது என்று தெரியவில்லை. கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். நாட்டில் குறைகள் அருகிவிட்டன என்று முரசு அறைந்தார்கள்.

குறை சொல்லத்தானே கூடாது, அழைப்பு வைக்கலாமே, அரசர் வருகிற நாளிலாவது மூடி இருக்குமே என்று தெருவாசிகளுக்கு யோசனை வந்தது. அழைப்பு வைப்பது மரியாதை; அதற்குச் சொட்டு மருந்து கிடையாது. காதுகுத்துக்கு அழைத்தார்கள். வளைகாப்புக்கு அழைத்தார்கள். எருமை கன்று போட்டதற்கும் அழைத்தார்கள். அரசருக்கு இளகிய மனசு, கூப்பிட்ட குரலுக்கு வந்தார். ஆனால் அவர் வர வர வண்டிகளும் வந்தன. வண்டி திரும்ப இடைஞ்சல் என்று பதினோரு புங்கமரங்களை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தொட்டிச் செடிகளை வைத்தார்கள். அவற்றின் நடுவே நின்று அரசர் மரம் வளர்ப்பதன் மேன்மையைப் பற்றி ஒரு நாழிகை பேசினார். பிறகு வண்டிகளை அவிழ்த்துப் போட இடம் வேண்டுமென்று கோரைக்குளத்தைத் தூர்த்தார்கள். குளத்துக்குப் போய்க்கொண்டிருந்த மழைத்தண்ணீர் போக்கிடம் இல்லாமல் தைலம்மையின் வீட்டுக்குள் வந்தது. முன்பு கட்டில் கால்வரை ஏறியது இப்போது கட்டில் சட்டம்வரை ஏறியது. கேட்டது ஒரு மூடி. போனதோ மரமும் குளமும். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

அப்போதுதான் தைலம்மைக்கு அந்த எண்ணம் உதித்தது.

"விருந்தாளியா வர்றதாலதானே சுருட்டிட்டுப் போறாங்க? ராசா இங்கயே குடியிருந்தா?" என்றாள்.

தெருவே அவளைக் கொண்டாடியது. அடுத்த முறை அரசர் வந்தபோது அவள் சேவகர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"மகாராசா, எங்க தெருவுக்கே குடி வந்துடுங்க."

அரசரின் கண் கலங்கிவிட்டது. "எல்லோரும் என்னை வரச் சொல்லித்தான் அழைத்திருக்கிறார்கள் அம்மா. இருக்கச் சொன்னவள் நீ ஒருத்திதான்."

ஆறே மாதத்தில் குளத்து மேட்டில் அரண்மனை எழுந்தது. நிஜத் தார், நிஜ விளக்கு, பின்னால் ஆள் இல்லாத குழாய். தைலம்மையின் வாசலில் வார்ப்பிரும்பு மூடி ஒன்றைச் சிமெண்டு வைத்துப் பூசினார்கள். அவள் அதன்மேல் ஏறி நின்று இரண்டு தரம் குதித்துப் பார்த்தாள். அசையவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கணவனிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஆயுள் மூன்று நாள்.

நாலாம் நாள் விசயரங்கர் ஓலையோடு வந்தார். "மன்னருக்கு அருகில் வசிப்பது பெரும்பேறு. ஆனால் மன்னர் வசிக்கும் வீதியில் குடிகள் வசிப்பது பாதுகாப்புக்கு உகந்ததன்று. நகர எல்லையோரத்து உவர்நிலத்தில் உங்களுக்குக் காற்றோட்டமான குடியிருப்பு ஒதுக்கப்பட்டுள்ளது."

"இந்தத் தெருவுக்காக நாங்க பட்ட பாடு என்ன ஐயா?"

"அதை மன்னர் ஒருபோதும் மறக்கமாட்டார்," என்றார் அவர். முன்பு விளக்குத் தூண் ஏற்றிய வண்டியில் வடுகநாதனைக் கட்டிலோடு ஏற்றினார்கள்.

அரசர் உண்மையில் மறக்கவில்லை. குடிவந்த முதல்நாள் காலையில் மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தவர், "தெரு இருக்கிறது. என்னை இருக்கச் சொன்ன மக்கள் எங்கே?" என்று கேட்டார். விசயரங்கர் அசரவில்லை. சுமக்கத் தெரு இல்லாமல் பதினாறு வண்டிகளும் சும்மாதான் நின்றன. அன்று முதல் கோழி கூவும் முன்னே அவை உவர்நிலத்துக்குப் போய், நடக்க முடிந்த அத்தனை பேரையும் ஏற்றிவந்து, அவரவர் பழைய வாசலில் நிறுத்தின. மாலையில் திரும்ப ஏற்றிச் சென்றன. தைலம்மை தன் வாசலில் நின்றாள். கதவுக்குப் பின்னால் இப்போது காவல்படைக் குதிரைகள் இருந்தன.

தினமும் அரசர் அவளிடம் நின்று கேட்பார். "மூடி சரியாக இருக்கிறதா அம்மா?"

"இருக்கு மகாராசா."

அடுத்த வருட ஐப்பசி பிறந்தது. ஒருநாள் விடியும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கோரைக்குளத் தெருவில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. எல்லாம் மூடிக்கு அடியில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. நனைந்துகொண்டே நின்ற தைலம்மை, "இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று சேவகனைக் கேட்டாள்.

"நகரத்துக்கு வெளியே. உவர்நிலத்துக்கு."

அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். வடுகநாதனைத் தூக்க ஓடிவருகிற அத்தனை பேரும் அவளைச் சுற்றி வரிசையில் நின்றார்கள். "ஐயா, அவரு தனியாக் கிடக்காரு. நான் போயாகணும்," என்று விசயரங்கரின் காலைப் பிடித்தாள்.

"மாலைவரை தெரு கலையக்கூடாது, அம்மையே."

வண்டி போய்ச் சேர்ந்தபோது குடியிருப்பில் இடுப்பளவு தண்ணீர். சாக்கடை நாற்றம் குடலைப் பிடுங்கியது. வடுகநாதன் கூரைக் கட்டையிலிருந்து தொங்கிய துணிக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு மேலே முகத்தை மட்டும் வைத்திருந்தான். உள்ளங்கை இரண்டும் உரிந்து போயிருந்தன. நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். தைலம்மை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

நெடுநேரம் கழித்து அவனுக்குப் பேச்சு வந்தது.

"தைலா, ராசாதான் உங்கிட்ட தினம் பேசறாராமே. ஒருதரம் இங்க வரச் சொல்லேன். வந்து பார்த்தா எல்லாம் சரியாயிடும்."

அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

"சும்மா கிடங்க. அவரு இங்க வந்துட்டா, நாம எங்க போறது?"