நம் ஊர் ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை

பஃபலோ,
டிசம்பர் 9

அன்புத் தங்கை லொரெய்னுக்கு,

ரேமண்ட் அண்ணன் எழுதுவது. இங்கே பனி இடுப்பளவு. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் படுத்துவிட்டது.

முப்பத்தொரு வருஷமாக நான் கால்பந்து வர்ணனை செய்கிற தொலைக்காட்சிக் கம்பெனி, செப்டம்பரில் ஒரு இணைய விளையாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்கியது. ஜனங்கள் பல ஊர் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, போனிலேயே ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுகிறார்கள். நிஜ மைதானத்தில் அவன் ஓடினால் இவர்களுக்குப் புள்ளி. பங்கு வாங்கிய மறுநாளே எங்கள் எல்லார் தலையிலும் அவர்கள் பேர் போட்ட தொப்பி. அது போகட்டும், போன ஞாயிறு கேள். ஏழு வருஷமாக நம்மைத் துவைத்து எடுத்த அணியை, கடைசி நொடியில் ஒரே உதையில் நம் ஊர் ஜெயித்துவிட்டது, எனக்கு அழுகை வருகிறது, காதுக்குள்ளே தயாரிப்பாளன் ட்ரெவர், "ரே, அழுகையெல்லாம் அப்புறம். உதைச்சவனுக்கு எத்தனை புள்ளி? அதை முதல்ல சொல்லுங்க!" என்று கத்துகிறான். கீழே கூட்டத்தைப் பார்த்தால் நம் அணிச் சட்டை போட்ட ஒருத்தன் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். அவன் கற்பனை அணியில் எதிராளிகள்தானாம் பாதிப் பேர்! எனக்கு வந்ததே கோபம், "இது ஆட்டமா, சந்தைக்கடையா?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி ஐரீன். முப்பத்தாறு வருஷமாக ஆட்டம் நடக்கும்போது பின்னல் ஊசியை விட்டுத் தலை நிமிராதவள், வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "உங்க ஊர்க்காரனுங்களுக்கு இன்னிக்குத்தானா ஜெயிக்கணும்? என் அணி நாசமாப் போச்சு!"

"இது உனக்கும் ஊரும்மா."

"ஊரு எனக்கு எத்தனை புள்ளி குடுத்துச்சு?"

ஆறுதலுக்குப் பாதிரியார் ஸ்டானிஸ்லாவிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி ரே, வர்ற வாரம் என் அணியில யாரைப் போடலாம்?" என்கிறார்.

திங்களன்று ட்ரெவர் கூப்பிட்டான். "நம்ம கம்பெனி பங்கு போட்ட வியாபாரத்தை நம்ம ஒலிவாங்கியிலயே சந்தைக்கடைங்கறீங்களே, நல்லா இருக்கா?" இனி எனக்கு மைதானம் கிடையாதாம். ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, நாட்டில் எவன் எத்தனை புள்ளி என்று வாசிக்க வேண்டும். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கக்கூட முடியாது, லொரெய்ன். எவ்வளவு பனியிலும் வெட்டவெளியில் நின்று கத்தியவனை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டான்கள். ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன். உங்கள் வீட்டு மாடி அறை காலிதானே? சொல்லு, வந்து விடுகிறேன்.

உன் வீட்டுக்காரரையாவது அந்தப் பாழாய்ப்போன விளையாட்டின் பக்கம் விடாதே. ஆண்டவர் உங்களைக் காப்பாற்றட்டும்.

உன் அண்ணன்,
ரேமண்ட் வோய்சிக்

பி.கு.: நீ வேலை பார்க்கிற எலும்பு ஆஸ்பத்திரிக்கு அந்த ஆட்டக்காரன் டெஷான் புரூயட் முழங்காலைக் காட்ட வந்தானாமே, நன்றாக நடந்தானா, நொண்டினானா? கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. ஞாயிறு ஒரு மணிக்கு அணியைப் பூட்டிவிடுவார்கள், அப்புறம் ஆளை மாற்ற முடியாது. ஐரீன் எடுத்தால் மூச்சு விடாதே. அவளைவிட நான் பதினோரு புள்ளிதான் பின்னால் இருக்கிறேன்.