ஆபரேஷன் ஆன முயலுக்கு மட்டும்

ஒரு காட்டில், தண்ணீர் லாரி வந்து நிற்கும் புளியமரத்தடியில், குடத்தோடு வரிசையில் நின்றிருந்த தூயவன் என்கிற முயலின் காதில் ஒரு பேச்சு விழுந்தது. ஒட்டுக்கேட்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. ஆனால் அந்தக் காதுகளை வைத்துக்கொண்டு எதையும் கேட்காமல் இருப்பது கஷ்டம்.

“பேச்சிலருக்கு மட்டும் வீட்டை விட்டுடாதீங்க கோமளா. அதுலயும் முயலுக்கு விடவே கூடாது,” என்றாள் பெண்மயில் தோகையம்மாள். “இன்னைக்கு ஒண்டியாத்தான் வரும். பொங்கலுக்குள்ள நாப்பது ஆயிடும். ஆபரேஷன் ஆனவனா இருந்தா வேணா யோசிக்கலாம்.”

“அப்படி எவன் வரப்போறான்? பின்னறை சும்மாத்தான் பூட்டிக் கிடக்கு,” என்றாள் கரடி கோமளவல்லி.

தூயவன் குடத்தை நிரப்பாமலே திரும்பினான்.

அவன் அப்போது பாலத்துக்கு அடியில் ஒரு குழாய்க்குள் குடியிருந்தான். மழை பெய்தால் தண்ணீர் ஒரு பக்கம் வரும். தூயவன் மறுபக்கம் போவான். வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் பேச்சு ஒரே மாதிரிதான் ஆரம்பித்தது, ஒரே மாதிரிதான் முடிந்தது. காட்டுப்பன்றி வீட்டில் கேட்டார்கள்: “என்ன சாப்பிடுவீங்க?” “புல்லுங்க.” “ரொம்ப சந்தோஷம். சத்தம் போடுவீங்களா?” “எனக்குச் சத்தமே வராதுங்க.” “அடடா. கல்யாணம்?” “இன்னும் ஆகலைங்க.” கதவு சாத்திக்கொண்டது.

வீட்டுப் புரோக்கர் ஓணானிடம் தூயவன் தான் கேட்டதைச் சொன்னான். ஓணான் எதைச் சொன்னாலும் தலையாட்டும். இதற்கு இன்னும் வேகமாக ஆட்டியது.

“காயடிச்சுக்கிட்டா வேலை முடிஞ்சுது சார். அப்புறம் நீங்க பேச்சிலரும் இல்லை, ஃபேமிலியும் இல்லை. ஒரு ஃபர்னிச்சர் மாதிரி.”

இப்படியாகக் குடும்பமே இல்லாத தூயவன் காட்டு ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவின் வரிசையில் போய் நின்றான். நர்ஸ் நாரை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

“எத்தனை குழந்தைங்க?”

“ஒரே ஒரு ரூம்தாங்க,” என்றான் தூயவன்.

மரங்கொத்தி டாக்டர் நல்ல கைராசிக்காரர். தையலைப் பிரித்துவிட்டுச் சொன்னார்: “இனிமே கோபம் வராது. சண்டை வராது. கண்ட இடத்துல புழுக்கை போட்டு எல்லை கட்டுற புத்தியும் நின்னுடும்.” இந்த இடம் வரைக்கும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கோமளவல்லியிடம் நல்ல செய்தி சொல்ல, கூட வந்திருந்த ஓணான் ஓடிவிட்டது. டாக்டர் தொடர்ந்தார்: “ஆனா உடனே நிக்காது. ரத்தத்துல இருக்கிற பழைய சரக்கு வடியணும். அதுக்கு அப்புறமும் மனசுன்னு ஒண்ணு இருக்கு. அதை நான் தொடலை.”

கோமளவல்லி ஆஸ்பத்திரிச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் கணவர் ஏகாம்பரம் ஓய்வு பெற்ற கரடி. பேப்பரைத் தாழ்த்தி முயலைப் பார்த்தார். பாவமாக இருந்தது. பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார்.

“பின்னறை உனக்கு. மூலையில பிளாஸ்டிக் தொட்டி வெச்சிருக்கேன், அதுலதான் போகணும்,” என்றாள் கோமளவல்லி. “இந்த வீட்டுல ஒரு தூசு பார்க்க முடியாது. தினம் ரெண்டு வேளை பினாயில். மத்தபடி உன் வீடு மாதிரி நெனச்சுக்கோப்பா.”

எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். கேட்பவர் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட வேண்டும். தூயவனிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பதால் அவன் அதை நம்பிவிட்டான். அறைக்குள் போனான். தன் இடம் என்று முயல்கள் அடையாளம் வைப்பது போல நிலைப்படியில் தாடையைத் தேய்த்தான். ஜன்னல் இருந்தது. கூரை ஒழுகவில்லை. ‘என் வீடு,’ என்று நினைத்துக்கொண்டே ஒரு சுற்று வந்தான். திரும்பிப் பார்த்தால், சுவரோரமாக மிளகை வரிசையாகக் கொட்டினது போல் புழுக்கை.

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேண்டுமென்று செய்யவில்லை. வந்ததே தெரியவில்லை.

போகப் போக அவனுக்கு ஒன்று புரிந்தது. துக்கமாக இருக்கும்போது ஒழுங்காகத் தொட்டிக்குப் போனான். சந்தோஷம் வந்தால்தான் தொல்லை. ஏகாம்பரம், “வாப்பா, சீரியல் பாரு,” என்று ஹாலுக்குக் கூப்பிட்டார். சோபா மேல் புழுக்கை. கோமளவல்லி ஒரு நாள் கேரட் நறுக்கிக் கொடுத்தாள். சமையலறை வாசலில் புழுக்கை. காய்ச்சலாகப் படுத்திருந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் புடவைத் தலைப்பிலேயே இரண்டு.

“ஆபரேஷன் ஆனவன்னுதானே சொன்னான் அந்த ஓணான்?” என்று கோமளவல்லி கத்தினாள். “சரியா எடுத்தாங்களா, பாதியில விட்டுட்டாங்களா?”

தோகையம்மாள் ஆலோசனை சொல்ல வந்தாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவிச் சாம்பிராணி போடச் சொன்னாள். போட்டார்கள். தொட்டி அவ்வளவு மணந்ததில் அதைப் பூஜைச் சாமான் என்று நினைத்துத் தூயவன் கிட்டவே போகவில்லை. அடுத்து வாஸ்து பார்க்கும் பல்லியைக் கூட்டி வந்தார்கள். “ஈசானிய மூலையில தொட்டி ஆகாது. வாயு மூலைக்கு மாத்துங்க,” என்றது பல்லி. மாற்றினார்கள். தூயவன் பழைய மூலைக்கே போனான். அவனுக்கு வாஸ்து தெரியாது.

கடைசியில் டாக்டரிடமே போய் நின்றார்கள்.

“அவன் எங்க போறானோ அங்க தொட்டியை வைங்க. தொட்டியைப் பளபளன்னு கழுவாதீங்க. கொஞ்சம் வாடை இருந்தாத்தான் இடம் தெரியும். பக்கத்துலயே புல்லு போடுங்க. தின்னுக்கிட்டே போவான். முக்கியமா, திட்டாதீங்க,” என்றார் டாக்டர்.

அவன் எங்கெல்லாம் போனானோ அங்கெல்லாம் வைத்தார்கள். பின்னறையில் ஒன்று, ஹாலில் ஒன்று, சோபாவுக்குப் பக்கத்தில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று. வீடு முழுக்கத் தொட்டியும் புல்லுமாக ஆனது. ஏகாம்பரம் பாத்ரூமுக்குப் பக்கவாட்டில் நடந்து போகப் பழகிக்கொண்டார்.

“இந்த அமாவாசை வரைக்கும் பார்ப்பேன்,” என்றாள் கோமளவல்லி. “அதுக்குள்ள ஒரே தொட்டிக்குப் பழகலைன்னா ரூமைக் காலி பண்ணிடு தம்பி. நானும் மனுஷி… நானும் கரடிதானே?”

தூயவன் அன்றிலிருந்து சந்தோஷப்படாமல் இருக்க முயற்சி செய்தான். பாலத்தடிக் குழாயை நினைத்துக்கொள்வான். கொஞ்சம் பலன் தெரிந்தது. அதற்குள் ஏகாம்பரம் ஏதாவது நல்லதாகப் பேசிக் கெடுத்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் காட்டில் நில மறு அளவை வந்தது. பத்திரங்களை எல்லாம் கரையான் தின்றுவிட்டதால், பட்டா கொடுக்க அரசாங்கம் பழைய காட்டு வழக்கத்துக்கே திரும்பியது. யாருடைய வாடை எங்கே இருக்கிறதோ, அந்த இடம் அவருக்கு. வேறு சாட்சி வேண்டாம்.

சர்வேயர் தேவாங்கு காலையில் கேட்டைத் தாண்டி, ஹாலுக்கு வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. அதிகாரி வருகிறார் என்று கோமளவல்லி அன்று விசேஷமாக மூன்று தடவை பினாயில் போட்டிருந்தாள். டாக்டர் சொன்னதற்காகத் தொட்டிகளை மட்டும் தொடவில்லை. தேவாங்கு பெரிய கண்களை மூடி, ஒவ்வொரு மூலையாக மோந்தார்.

“இந்த வீட்டுல குடியிருக்கிறது ஒரே ஒருத்தர்தானே? முயல்?”

“என்ன சார் சொல்றீங்க? இது எங்க வீடு! நாங்க கட்டினது!” என்றாள் கோமளவல்லி.

“உங்க வாடை எங்கேயுமே இல்லையேம்மா.”

“பாத்ரூம் இருக்கு சார். அதுவும் கழுவி வெச்சிருக்கேன். வாசனையே வராது. எல்லாம் பினாயில்.”

“பினாயில் பேர்ல பட்டா போட முடியாதும்மா,” என்றார் தேவாங்கு வருத்தத்தோடு. பிறகு தொட்டிகளைக் காட்டினார். “இதெல்லாம் யார் வெச்சது?”

“நாங்கதான்.”

“பாருங்க. அவர் எல்லை போட்டிருக்கார், நீங்க ஒவ்வொண்ணுக்கும் கல்லு நட்டுக் கொடுத்திருக்கீங்க. இவ்வளவு தெளிவா நான் எங்கேயும் பார்த்ததில்லை.”

தூயவன் குறுக்கே ஓடி வந்தான். “ஐயா, எனக்கு வீடு வேண்டாங்க. அந்தப் பின்னறை இருந்தாப் போதும்.”

“வேண்டாம்னு எழுதிக் கொடுக்கலாம். ஆனா அதை வீட்டுச் சொந்தக்காரர்தான் எழுதணும். முதல்ல நீங்க சொந்தக்காரர் ஆகணும்.” தேவாங்கு எழுந்தார். “நான் சாப்பிட்டு வர்றேன். சாயங்காலம் யார் வாடை இருக்கோ அவர் பேரை எழுதிடுவேன்.”

அவர் கேட்டைத் தாண்டுவதற்கே நிறைய நேரம் ஆகும் என்பது ஒன்றுதான் ஆறுதல். கோமளவல்லி சோபாவில் உட்கார்ந்து அழுதாள். ஏகாம்பரம் எழுந்து ஹாலின் நடுவில் நின்றார். ஒரு மூலையைப் பார்த்தார். மறுமூலையைப் பார்த்தார்.

“முடியலை கோமளா. கூச்சமா இருக்கு. இத்தனை வருஷம் கதவைத் தாழ்ப்பாள் போட்டே பழகியாச்சு.”

“போங்க! வீடே போகுது, இவருக்குத் தாழ்ப்பாள் கேக்குது!”

“அம்மா, திட்டாதீங்க. திட்டினா வராது,” என்றான் தூயவன்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள். இந்த விஷயத்தில் அந்த வீட்டில் அனுபவசாலி அவன் ஒருவன்தான்.

“சார், நீங்க முதல்ல உட்காருங்க. பலாச்சுளை இருக்கா அம்மா? பக்கத்துல வைங்க. சாப்பிட்டுக்கிட்டே இருந்தா தானா வரும். நாங்க திரும்பிக்கிறோம். யாரும் பார்க்கலை. ‘இது என் வீடு’ன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க.”

“அதுதான் எனக்குத் தெரியுமேப்பா.”

“தெரிஞ்சா போதாது சார். நெனச்சா சந்தோஷமா இருக்கணும்.”

ஏகாம்பரம் பலாச்சுளையைத் தின்றுகொண்டே யோசித்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளை நினைத்தார். கூடத்தில் முதல் முதலாக வெயில் விழுந்ததை நினைத்தார். அவர் முகம் மெதுவாக மலர்ந்தது.

“கோமளா!” என்று கூவினார். “வந்துடுச்சு!”

“சபாஷ் சார்!” என்று தூயவன் கை தட்டினான்.

அதற்குப் பிறகு சிரமமில்லை. சமையலறை வாசலை ஏகாம்பரம் தனியாகவே பார்த்துக்கொண்டார். கோமளவல்லி கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பூஜை அலமாரியின் திரையை இழுத்து மூடிவிட்டு, அதற்கு எதிர்மூலைக்குப் போனாள். “என்னங்க, டி.வி. சத்தத்தைக் கூட்டி வைங்க,” என்று அங்கிருந்து குரல் வந்தது.

அவர்கள் அங்கே பாடுபட்டுக்கொண்டிருக்கையில், தூயவன் வீடு முழுக்கத் தவழ்ந்து தன் புழுக்கைகளைப் பொறுக்கினான். சோபாவுக்கு அடியில் இருந்ததைக் கூட விடவில்லை. எல்லாவற்றையும் பின்னறைத் தொட்டியில் கொட்டினான். மற்ற தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தான்.

சாயங்காலம் தேவாங்கு வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கு விடைத்தது. கண் கலங்கியது.

“அடடா,” என்றார். “இப்பத்தான் வீடு வீடா இருக்கு. காலையில என்னவோ ஆஸ்பத்திரிக்குள்ள வந்த மாதிரி இருந்தது.”

பட்டா கரடிகள் பெயரில் ஆனது. பின்னறைக்கு மட்டும், ‘குடியிருப்பவர்: முயல்’ என்று போட்டார். “வருஷா வருஷம் வந்து பார்ப்போம். வாடை குறையாம பார்த்துக்குங்க,” என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் கேட்டை அடைந்துவிடும் ஆசையில் புறப்பட்டார்.

சேதி கேட்டுத் தோகையம்மாள் ஓடி வந்தாள். ஹாலில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டே, “பட்டா வந்துடுச்சாமே! வாசல்லயே தெரியுது கோமளா,” என்றாள். “எங்க வீட்டுல நாளைக்கு அளக்குறாங்க. எந்த மூலையில முதல்ல ஆரம்பிச்சீங்க?”

கோமளவல்லி பெருமையாகச் சுற்றிக் காட்டினாள். பினாயில் பாட்டில்களைத் தோகையம்மாளின் கண் முன்னாலேயே பழைய பேப்பர்க்காரனுக்குப் போட எடுத்து வைத்தாள். அவளை வழியனுப்பிவிட்டுப் பின்னறைக்கு வந்தாள். வழியில் தான் போட்டதைத் தானே தாண்ட வேண்டியிருந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினாள்.

“தம்பி, உன் உதவியை மறக்க மாட்டோம். அமாவாசை கிமாவாசை எல்லாம் மனசுல வெச்சுக்காதே. நீ பாட்டுக்கு இரு.”

“சரிங்கம்மா.”

“ஒண்ணே ஒண்ணு. இப்ப இது பட்டா வீடு. நாலு பேர் வந்து போவாங்க. முன்ன மாதிரி ஹாலு, சோபான்னு நீ போயிட்டிருந்தா நல்லா இருக்காது. யாருதுன்னு குழப்பம் வரும். என்ன, நான் சொல்றது?”

“புரியுதுங்கம்மா.”

“நல்ல பையன்,” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

தூயவன் அறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தான். ஜன்னல் இருந்தது. கூரை ஒழுகவில்லை. எழுந்து நேராகப் போய்த் தொட்டியில் உட்கார்ந்தான்.

நீதி: சுத்தம் வாடகைக்கு இருப்பவருக்கு. சொந்தக்காரர் நினைத்த இடத்தில் போகலாம்.