பெண் கேட்கப் போன கெதியண்ணை

லண்டனுக்கு வந்து, ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு லுச்சாசி என்ற ஆப்பிரிக்க மொழியைப் படித்த யாழ்ப்பாணத்தான் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கெதியண்ணை. 'கெதியா' என்றால் எங்கள் ஊரில் விரைவாக. மனிதர் பாத்ரூமுக்குள் போனால் வெளியே நிற்பவனுக்குத் தாடி வளர்ந்துவிடும். அதனால் வைத்த பெயர்.

எண்பதுகளின் கடைசியில், ஈஸ்ட் ஹாமில் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். கெதியண்ணைக்கு ஒரு ஹோட்டலில் படுக்கைவிரிப்பு மடிக்கிற வேலை. விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவள் அங்கோலாவிலிருந்து வந்த இசபெல். மடிக்க மடிக்க இரண்டு முனையும் கிட்ட வருமல்லவா, அதில் காதல் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு இசபெல் சம்மதம். ஆனால் அவளுடைய தாய் சம்மதிக்க வேண்டும். தாய்க்குத் தெரிந்தது அவர்கள் ஊர் லுச்சாசி மட்டும்.

"அப்ப படிக்கிறன்" என்றார் அண்ணை. விழுந்து விழுந்து சிரித்தோம். மனிதர் மசியவில்லை.

பெயர்ச்சொல் பக்கமே போகவில்லை. 'மெல்ல', 'கெதியா', 'திரும்பவும்', 'நாளைக்கு' இவைதான் முதல் பாடம்.

"ஏனண்ணை, சோறு, தண்ணி எண்டு துவங்கலாமே?"

"விசரா! சோத்தை விரலாலை காட்டலாம். ஓட்டத்தை ஓடிக் காட்டலாம். 'திரும்பவும்' எண்டதை எதாலையடா காட்டுவாய்?"



அடுத்த பாடம் வணக்கம். அதுதான் எங்கள் உயிரை வாங்கியது. இசபெல் வீட்டு முறைப்படி, பெரியவர்களுக்கு முன்னால் தாழ உட்கார்ந்து, கையைக் குழித்து மெல்லத் தட்டி, வீட்டார் ஒவ்வொருவரையும் சுகம் விசாரிக்க வேண்டும். தேத்தண்ணி போடச் சமையலறைக்குள் கால் வைத்தால் போதும், தரையில் உட்கார்ந்திருக்கும் அண்ணையின் கைதட்டல் கேட்கும். லுச்சாசியில் தாய் சுகமோ, தகப்பன் சுகமோ, ஆடு சுகமோ...

"அண்ணை, ஷிப்டுக்கு நேரம் போட்டுது!"

"ஆடு எப்பிடியெண்டு சொல்லிப்போட்டுப் போடா!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்கப் புறப்பட்டார். மாம்பழப் பெட்டி தூக்குவதற்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஸ்ட்ரெதமில் ஒரு மாடி வீடு. தாய் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணை தரையில் அமர்ந்து, கை தட்டி, ஒரு சொல் பிசகாமல் விசாரித்து முடித்தார். தாயின் முகம் மலர்ந்தது. அப்பாடா, காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது தாய் ஏதோ கேட்டார். இசபெல் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். பெண் கேட்க மாப்பிள்ளை தனியே வருவதில்லையாம். அவருக்காகப் பேசச் சொந்தக்காரர் எங்கே என்று கேட்கிறாராம்.

அட, எங்கள் ஊரிலும் அதுதானே முறை! தனக்குத் தானே பெண் கேட்கிறவனை யாழ்ப்பாணத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களே! ஆனால் தாய் தகப்பனும் இல்லாமல், கூடப்பிறந்தவர்களும் இல்லாமல், இந்த மனிதர் யாரைக் கூட்டிக்கொண்டு வருவார்?  அண்ணை தலை குனிந்தார். 

பெட்டியைக் கீழே வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் குழித்துத் தட்டி, காதில் விழுந்து விழுந்து பாடமாகிப் போன லுச்சாசியில் எல்லாரையும் விசாரித்தேன். பதற்றத்தில் ஆட்டையும் விடவில்லை. தாய் சிரித்துவிட்டார். இந்தப் பிள்ளை யார் என்று கேட்டார்.

"தம்பி எண்டு சொல்லுங்கோ. அண்ணைக்குப் பொம்பிளை கேட்டு வந்திருக்கிறன்" என்று இசபெலிடம் சொன்னேன். ஆங்கிலத்தில்தான். கெதியண்ணை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

தாய் அன்றைக்கே சம்மதித்தார். இன்றைக்கும் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.