மூன்று மூடித் தேர்தல்

தையல்காரர் சிவப்பு மூடி என்றார். மருந்துக்கடைக்காரர் பச்சை மூடி என்றார். மனைவியின் அண்ணன் மஞ்சள் மூடி என்றார். காபிக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

கடை மூலையில் ஒரே ஒரு வறுக்கும் மெஷினுக்குத்தான் இடம் இருந்தது. அவருக்கும் ஒன்றை வாங்கத்தான் தெம்பு இருந்தது. மூன்று கம்பெனிக்காரர்கள் மாற்றி மாற்றி அவர் காதைத் தின்றார்கள். ஒருவருடையது கனத்த இரும்பு டிரம், கேஸில் ஓடுவது. இன்னொன்று கரண்ட் மெஷின். மூன்றாவது இரட்டைச் சுவர் வைத்த டிரம். அவர் கொடுத்த பச்சைக் காபிக்கொட்டையை ஆளுக்குக் கொஞ்சம் வறுத்து, ஆளுக்கொரு பொட்டலம் அனுப்பியிருந்தார்கள். கடையில் பொடி அரைக்கும் அம்மா அதை அரைத்து மூன்று டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். எந்த மூடிக்குள் எந்த மெஷின் என்பது கடைக்காரருக்கும் அந்த அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ராணுவ ரகசியம்.

"இந்தத் தடவையும் சொதப்பினீங்கன்னா கடையைப் பூட்டிட்டு, எங்க அண்ணனோட ஹார்ட்வேர் கடையில ஆணி நிறுக்கப் போங்க" என்றாள் கல்லாவில் இருந்த மனைவி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வருஷம் ஆசை ஆசையாக வாங்கிய ஐஸ்கிரீம் மெஷின்மேல் இப்போது கைத்துண்டுகள் காய்கின்றன. காபியை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. ஆணியை நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்தது.

"இன்னொருத்தர் சொன்னா முடிவாயிடும்" என்று பக்கத்துக் கடை முடிதிருத்துபவரைக் கூப்பிட்டார்.

அவர் மூன்றையும் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார். "பச்சை சப்புனு இருக்கு. சிவப்புலதான் ஒரு கம்பீரம் இருக்கு."

மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "சப்பா? சிவப்புல கருகின வாடை குப்புனு அடிக்குது. நாள் பூரா பவுடர் வாசனையில நின்னு உங்க மூக்கு மரத்துப்போச்சு."

"யோவ், மாத்திரை விக்கிற நாக்குக்குக் காபியைப் பத்தி என்னய்யா தெரியும்?"

சண்டையை நிறுத்த வேண்டும். கடைக்காரர் மேஜைமேல் தட்டி, "தெருவே வந்து குடிக்கட்டும். ஆளுக்கு மூணு மடக்கு, காசு வேண்டாம். எதுக்கு ஓட்டு அதிகமோ அதைத்தான் வாங்குவேன்" என்று அறிவித்தார்.

ஓசிக் காபி என்றதும் தெரு திரண்டு வந்தது. வந்த வேகத்தில் மூன்று கட்சியாகவும் உடைந்தது. சிவப்புக்காரர்கள் வாசலை மறித்துக்கொண்டார்கள். பச்சைக்காரர்கள் ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்தார்கள். மஞ்சள் கட்சிக்கு மனைவியின் அண்ணன் தலைவரானார்.

"தொண்டையில இறங்கினப்புறம் தேன் மாதிரி ஒரு இனிப்பு வருது, கவனிச்சீங்களா?" என்று அவர் கேட்டார்.

"ஆமாமா!" என்றது கட்சி. இன்னும் குடிக்காத ஒருவரும் சேர்ந்து சொன்னார்.

கடைக்காரருக்குச் சிவப்பில் மனது விழுந்துவிட்டது. இரும்பு டிரம் இரும்பு டிரம்தான் என்று உள்ளுக்குள் பூரித்தார். அந்த நேரம் பார்த்து மனைவி பச்சையைக் குடித்துவிட்டு, "இதுதான் நல்லா இருக்கு" என்றாள்.

"உனக்கென்னடி தெரியும்? அதுக்கெல்லாம் ஒரு நாக்கு வேணும்!"

வாய் தவறி வந்துவிட்டது. மனைவி டம்ளரை வைத்தாள். கல்லாச் சாவியையும் அதன் பக்கத்தில் வைத்தாள். வெளியே போய் அண்ணனின் பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் வண்டியைக் கிளப்பும்போது, "மாப்ள, என் கடையில இடம் இருக்கு. ஆனா இனிமே உங்களுக்கு இல்ல" என்றார்.

மருந்துக்கடைக்காரர் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று கிளம்பினார். பச்சைக் கட்சி அவர் பின்னாலேயே போனது. தலைவர் இல்லாத மஞ்சள் கட்சி சிவப்பைத் திட்டிவிட்டுக் கலைந்தது. ஜெயித்த களிப்பில் சிவப்புக் கட்சியும் வீட்டுக்குப் போய்விட்டது.

இத்தனை பேரைப் பகைத்துக்கொண்ட பிறகு பின்வாங்கினால் மானம் போய்விடும். கடைக்காரர் இரும்பு டிரம் கம்பெனிக்கு போன் போட்டார்.

"அனுப்பிடுங்க. முன்பணம் இப்பவே போடுறேன்."

"நல்லா யோசிச்சிட்டீங்களா சார்? போட்டா திரும்பி வராது."

"நாக்கு இருக்கிறவனுக்கு யோசனை எதுக்குங்க?"

பணம் போனது. காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மிச்சமிருந்த சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ருசித்தார். மனைவியை நினைத்தால் நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் இந்தக் காபிக்காக யார் காலிலும் விழலாம், சாயங்காலமே போய் விழுந்து கூட்டிவந்துவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பொடி அரைக்கும் அம்மா எச்சில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டே வந்தார்.

"தம்பி, அடுத்த தடவை கொட்டையைக் கொஞ்சம் தாராளமா அனுப்பச் சொல்லுங்க. தனித்தனியா போட்டா நம்ம அரவை மெஷினுக்குப் பத்தவே இல்ல. அப்புறம் மூணு பொட்டலத்தையும் ஒண்ணாக் கொட்டி அரைச்சு, மூணு டப்பாவுலயும் சரிசமமாப் பங்கு போட்டு வெச்சேன்."