ஆட்டுக் கயிறும் அரசாங்க மயிலும்

ஜவ்வாது மலைமேல் மகளிர் கைவினைப் பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. ஒரு அறை, ஒரு பெஞ்சு, கதவில்லாத ஒரு பீரோ, ஒரு அம்சவல்லி. அம்சவல்லி போளூர்க்காரி, மலைப் பெண்களுக்கு ஒயர் கூடை பின்னக் கற்றுக்கொடுக்கும் தற்காலிக ஆசிரியை. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் தற்காலிகம்தான். உத்தியோகம் பர்மனெண்டு ஆகவேண்டும் என்பதைத் தவிர அவள் சாமியிடம் வேறெதுவும் கேட்டதில்லை. கல்யாணத்தைக்கூட, உத்தரவு வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தாள்.

கூடை பின்னினால் துண்டு ஒயர் மிஞ்சும். பெண்கள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அறுந்த செருப்பைத் தைத்தார்கள், கூரை மூங்கிலை இழுத்துக் கட்டினார்கள், நாலைந்தைச் சேர்த்து முறுக்கி ஆட்டைக் கட்டினார்கள். பாஞ்சாலை என்பவளின் ஆடு கழுத்தில் சிவப்பும் பச்சையுமாக ஒயர் போட்டுக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும். இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காரியம் அரசின் கவனத்துக்கு வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கீழே டவுனில் முட்டை ஓட்டுப் பொம்மை, சோடா மூடித் தோரணம் என்று ஒரே மோகம். எந்த வீட்டு ஷோகேசைப் பார்த்தாலும் குப்பைத்தொட்டி கொலு வீற்றிருந்தது. அந்தக் காற்று ஆபீசுக்குள்ளும் அடித்து, ‘எஞ்சிய பொருட்களின் கலைநய மறுபயன்பாட்டுத் தனி அலுவலர்’ என்று ஒரு பதவி உண்டாகி, அதில் சுப்பிரமணி என்பவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டோடு சுற்றறிக்கை விட்டார்: மிச்சப் பொருள் ஒவ்வொன்றும், தனக்குச் சற்றும் பொருந்தாத பிறிதொரு பொருளுடன் சேர்க்கப்பட்டு, கலைப்பொருளாக ஆக்கப்படல் வேண்டும்.

ஜீப்பில் மலைக்கும் வந்தார். மிச்ச ஒயர் எங்கே என்று கேட்டார். அம்சவல்லி தயங்கித் தயங்கி ஆட்டைக் காட்டினாள்.

“அரசாங்கச் சொத்து ஆட்டுக் கழுத்திலா?”

பக்கத்தில் நின்ற பாஞ்சாலைக்குச் சுற்றறிக்கை அத்துப்படி. “ஒயரு ஒன்னு, ஆடு ஒன்னு. ரெண்டும் பொருந்தாததுதானுங்களே சார்?”

சுப்பிரமணி நியாயமாக யோசித்தார். “ஆட்டை ஷோகேசில் வைக்க முடியுமா?”

முடியாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆடுகள் அவிழ்க்கப்பட்டன. செருப்பும் கூரையும்கூடத் தப்பவில்லை. மீட்ட ஒயரோடு புளியங்கொட்டையைச் சேர்த்து அம்சவல்லி ஒரு மயில் செய்தாள். கீழே ‘மயில்’ என்று எழுதி வைத்ததால் அது மயில். போளூர்க் கண்காட்சியில் அதற்குத்தான் முதல் பரிசு. அதிகாரிகள் வீட்டு அம்மாக்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். நூறு மயில் வந்தால் அம்சவல்லியைப் பர்மனெண்டு ஆக்குவது தன் பொறுப்பு என்றார் சுப்பிரமணி.

நூறு மயிலுக்கு மிச்சத்துக்கு எங்கே போவது? கூடை பின்னினால்தான் ஒயர் மிஞ்சும்; கூடை பின்னிக்கொண்டிருந்தால் மயிலுக்கு நேரம் ஏது? அம்சவல்லி பஸ் ஏறி ஆபீசுக்குப் போய்ச் சுப்பிரமணியிடம் சந்தேகம் கேட்டாள்.

“புது ஒயரை நறுக்கலாமா சார்?”

“நறுக்கின பிறகு அது புது ஒயரா, துண்டு ஒயரா?”

“துண்டு ஒயர்தான் சார்.”

“பிறகென்னம்மா.”

கட்டுக் கட்டாக நறுக்கினார்கள். கொட்டை கலைப்பொருள் ஆகிவிட்டதால் புளி கழிவுப்பொருள் ஆனது. அதைப் போட்டு ஆபீஸ் பித்தளைக் கூஜாவை விளக்கலாம் என்று தனிச் சுற்றறிக்கை வந்தது. அந்த வருஷம் மலையில் ஒரு கூடைகூடப் பின்னப்படவில்லை. கட்டில்லாத ஆடுகள் சாமைக் கொல்லைகளை மேய்ந்து தீர்த்தன. அம்சவல்லிக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. செய்து முடித்த மயில்களை எண்ணும்போது உறுத்தல் கொஞ்சம் குறைந்தது.

நூறு மயிலும் ஆபீஸ் போய்ச் சேர்ந்த நேரம் பார்த்து டவுனில் மோகம் மாறிவிட்டது. அம்மாக்கள் மணி கோத்த நாய்க்குட்டிக்குப் போய்விட்டார்கள். மயில்கள் மூலையில் குவிந்தன. மேலிடத்திலிருந்து அம்சவல்லிக்கு உத்தரவு வந்தது. கூடை பின்னாத கூடை நிலையம் இத்துடன் மூடப்படுகிறது. படித்தவளுக்கு உயிரே போய்விட்டது. அடுத்த வரியில் திரும்பி வந்தது. கொல்லை மேயும் ஆடுகளைப் பிடித்து அடைக்க மலையில் புதிதாகத் திறக்கப்படும் பட்டியில், எஞ்சிய பணியாளரான இவர் நிரந்தரக் காவலராகச் சேர்க்கப்படுகிறார். ஆடு கட்டக் கயிறு ஒதுக்கீடு இல்லை. பதிலுக்கு மயில்கள் அனுப்பப்படுகின்றன.

அம்சவல்லி ஒவ்வொரு மயிலாகப் பிரித்து ஒயரை முறுக்கினாள். முதல் நாளே அகப்பட்டது பாஞ்சாலையின் ஆடு. அபராதம் கட்டினால்தான் ஆடு வெளியே வரும் என்றாள் அம்சவல்லி.

பாஞ்சாலை ஆட்டின் கழுத்தைப் பார்த்தாள். அதே சிவப்பு, அதே பச்சை.

“ஆடும் என்னுது, ஒயரும் எம்மூட்டு ஒயரு. நடுவுல நீங்க யாருங்க டீச்சரம்மா?”

“நான் இப்போ பர்மனெண்டு, பாஞ்சாலை.”

அதைக் கேட்டதும் பாஞ்சாலையின் கோபம் எங்கோ போய்விட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்து அபராதத்தைக் கட்டினாள். ஆட்டை ஓட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“தொரத்திப் புடிக்க ஒரு ஆளு வேணுமில்லீங்களா? எம் மவன் வூட்டுல சும்மாதான் கீறான். தற்காலிகமா இருந்தாகூடப் போதும்.”