வட்டத்துக்கு ஆள் பிடித்த கதை

நாற்காலிகள் எட்டு, ஆட்கள் மூன்று. வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தவரோ அரசு ஆய்வாளர் டாக்கெட்.

வெர்னா அதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். குடியையும் போதை மாத்திரையையும் விடத் துடிப்பவர்களுக்காக அந்த அமெரிக்கக் கென்டக்கி மலையூரில் அவள் நடத்தும் மையம் அது. மையத்துக்குப் பணம் தருவது ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் அரசுக் காப்பீடு; அதற்கு மத்திய அரசிடம் மாநிலம் வாங்கியிருந்த சிறப்பு அனுமதியில் விதிகள் மாறிவிட்டன. ஆட்களைக் கூட்டிவரும் வண்டிக்கு இனிப் பணம் கிடையாது. சுற்றி உட்கார்ந்து தங்கள் கதையை மனம்விட்டுப் பேசும் வட்டத்தில் எட்டுப் பேர் இல்லாத மையத்துக்கு அங்கீகாரமும் கிடையாது. வண்டியில்லாமல் மலையிலிருந்து யார் இறங்கி வருவார்? போன மாதம் அந்த விதிகளை மேடையேறி வாசித்ததே இந்த டாக்கெட்தான்.

சமையலறையில் குழாய் மாற்றிக்கொண்டிருந்த வர்ஜிலைப் பிடித்தாள்.

"வர்ஜில், கொஞ்ச நேரம் குடிகாரனா இரு."

"நான் மோருக்கு மேல எதுவும் குடிச்சதில்லையே!"

"ஆப்பிள் கேக் ஒண்ணு தர்றேன்."

"ரெண்டு."

"ஒண்ணரை. வந்து உட்காரு."

பக்கத்து அழகு நிலையத்து ஓபலையும் இழுத்து வந்தாள். ஓபல் வர்ஜிலின் மச்சினி என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று.

எட்டு நிரம்பும் முன்பே டாக்கெட் வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்தார். வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்பது அங்கே வழக்கமில்லை, வெர்னாவும் கேட்கவில்லை. அவர் கையில் காபிக் கோப்பை நடுங்கியது. கோபம்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

பேசிவைத்த கேக்குக்கு வர்ஜில் வஞ்சகமில்லாமல் உழைத்தான். "என் பேரு வர்ஜில். விடியுறதுக்குள்ள ஒரு பாட்டில் காலி! பைபிளுக்குப் பின்னாலதான் ஒளிச்சு வைப்பேன்."

"அத்தான்!" ஓபல் எழுந்தே விட்டாள். "அதான் சர்ச்சுக் கூரையிலேருந்து விழுந்தீங்களா?"

"ஓபல், ஓடிப்போய் டோனட் வாங்கிட்டு வாம்மா," என்று வெர்னா அவளை வெளியே தள்ளினாள்.

டோனட் வரவில்லை. ஓபல் போய்ச் சொன்னதைக் கேட்டு வர்ஜிலின் மனைவி வில்மா வந்தாள், கைப்பையைச் சுழற்றிக்கொண்டு.

"பைபிளுக்குப் பின்னாலயா, பாவி?" முதல் அடி முதுகில் விழுந்தது.

"ஐயோ, கேக்குக்காகச் சொன்ன பொய்டி! வெர்னாதான் உட்காரச் சொன்னா!"

இனி மறைக்க என்ன இருக்கிறது? வெர்னா டாக்கெட்டின் முன்னால் போய் நின்றாள்.

"ஆமா சார், ஆள் பிடிச்சேன். நிஜமா வந்தவங்க மூணே பேர்தான். மூடணும்னா மூடுங்க. ஆனா இந்த மூணு பேரும் நாளைக்கு எங்க போவாங்கன்னு நீங்களே சொல்லிடுங்க."

டாக்கெட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆய்வு வியாழக்கிழமைதாம்மா, இன்னைக்கு நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்... மூணு பேர்னு சொல்லாதீங்க, நாலுன்னு சொல்லுங்க."